யார் யாரை நோக்கி நடந்தார்: விளையாட்டுத் திரைப்படங்களும் இன நல்லிணக்கமும்

பிளவுபட்ட சமூகம் ஒன்று விளையாட்டின் வழியே இணைவதைச் சொல்லும் திரைப்படங்களுக்குப் பழகிப்போன ஒரு வடிவம் உண்டு. கதை பகைமையில் தொடங்கும். பயிற்றுநர் ஒருவரோ தலைவர் ஒருவரோ இரு தரப்பினரையும் ஓரணியில் நிறுத்துவார். இழுபறிகளுக்குப் பின் இறுதியாட்டம் வரும். வெற்றிக் களிப்பில், நேற்றுவரை முகம் பார்த்துப் பேசாதவர்கள் தழுவிக்கொள்வார்கள். அமெரிக்கப் படங்களான ‘ரிமெம்பர் த டைட்டன்ஸ்’ (2000), ‘இன்விக்டஸ்’ (2009) ஆகிய இரண்டும் இவ்வடிவத்துக்குப் பெயர்பெற்றவை. இலங்கையைப் பற்றித் தமிழில் எடுக்கப்பட்டவற்றுள் இதற்கு மிக அருகில் வருவது, முத்தையா முரளிதரனின் வாழ்க்கையைச் சொல்லும் ‘800’ (2023).

அவையோரே, இச்சொற்பொழிவு முன்வைக்கும் கருத்து ஒன்றுதான். இத்தகைய படம் ஒன்றை அதன் இறுதியாட்டத்தைக் கொண்டு மதிப்பிடக் கூடாது. அதில் யார் யாரை நோக்கி நடந்தார், அவ்வாறு நடந்ததற்கு யார் விலை கொடுத்தார் என்பதே அளவுகோலாக வேண்டும். அதிகாரம் உள்ளவர் தாமாக நடந்து வந்த கதையும், அதிகாரம் இல்லாதவர் அழைத்து நிறுத்தப்பட்ட கதையும் திரையில் ஏறத்தாழ ஒரே மாதிரியே தோன்றும். இசையும் கைதட்டலும் இரண்டுக்கும் பொதுவானவை. ஆனால் முதலாவது மட்டுமே நல்லிணக்கத்தின் கதை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களுக்கு இந்த வேறுபாடு வெறும் திரைப்பட இரசனை சார்ந்த ஒன்றன்று.

1. அளவுகோலைத் தருவது ‘இன்விக்டஸ்’. ஜோன் கார்லின் எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டு கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய இப்படத்தில் மோர்கன் ஃபிரீமன் நெல்சன் மண்டேலாவாகவும், மாட் டேமன் தென்னாபிரிக்க றக்பி அணித்தலைவர் பிரான்சுவா பினாராகவும் நடித்தனர். படம் சென்று முடியும் நாள் 1995 யூன் 24. ஜொகன்னஸ்பேர்க்கின் எல்லிஸ் பார்க் அரங்கில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டம் மேலதிக நேரத்துக்குச் சென்றது. யோவெல் ஸ்ட்ரான்ஸ்கியின் உதையால் தென்னாபிரிக்கா நியூசிலாந்தை 15–12 என வென்றது. அணித்தலைவரின் 6ஆம் இலக்கப் பச்சைச் சட்டையை அணிந்திருந்த மண்டேலா அவரிடம் கிண்ணத்தைக் கையளித்தார். உலகமே நினைவில் வைத்திருக்கும் காட்சி அது.

படத்தின் உயிர் இருப்பது இதற்கு வெகு முன்னால் வரும் ஒரு கூட்டத்தில். ‘ஸ்பிரிங்பொக்’ என்ற மான் சின்னமும் பச்சை–பொன்னிறச் சட்டையும் கறுப்பின மக்களுக்கு ஒடுக்குமுறையின் அடையாளங்கள். வெளிநாட்டு அணி வந்தால் அந்த அணிக்குக் கைதட்டுவதே அவர்களது வழக்கம். 1994இல் ஆட்சி மாறியதும் அச்சின்னத்தை ஒழித்துவிட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது, அது நியாயமான கோரிக்கையும்கூட. மண்டேலா வெள்ளையரிடம் செல்லும் முன்னர் தம்மவரிடம் செல்கிறார். வாக்களித்து முடிவெடுத்துவிட்ட சபையின் முன் நின்று, அந்தச் சின்னத்தை விட்டுவைக்குமாறு வாதாடுகிறார். கைதட்டல் கிடைக்காத காட்சி அது, சபையில் எதிர்ப்பு முணுமுணுப்பே எழுகிறது. 27 ஆண்டுகள் சிறையிருந்தவர், சிறையிலேயே ஆபிரிக்கான்ஸ் மொழியைக் கற்றவர், இப்போது அதிகாரம் தம் கையில் இருக்கும்போது தோற்ற தரப்பை நோக்கி நடக்கிறார். அதற்கான விலையைத் தம் சொந்த ஆதரவாளர்களிடம் செலுத்துகிறார். நடந்தவரும் விலை கொடுத்தவரும் ஒருவரே என்பதால்தான் இறுதியாட்டத்தின் மகிழ்ச்சி பொய்யாகத் தோன்றவில்லை.

படம் சொல்லாமல் விட்டவையும் உண்டு. அன்று களமிறங்கிய 15 பேரில் வெள்ளையர் அல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர் மட்டுமே. கறுப்பினத்தவரான சியா கொலிசி அணித்தலைவராக நின்று உலகக் கிண்ணத்தைத் தூக்கியது 2019 நவம்பரில், யோக்கஹாமாவில். எல்லிஸ் பார்க்குக்கும் யோக்கஹாமாவுக்கும் இடையில் 24 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் நடந்த வேலை, அதாவது வறிய குடியிருப்புகளுக்கு மைதானம் அமைத்தல், பாடசாலைகளில் பயிற்றுநர்களை நியமித்தல், அணித்தெரிவு பற்றிய ஓயாத வாக்குவாதம் ஆகியவை, எந்தப் படத்திலும் ஒரு நிமிடத்துக்குமேல் இடம் பெறுவதில்லை.

இலங்கையர் இப்படத்தைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. தென்னாபிரிக்காவில் அநீதிக்கு ஆளானவர்கள் பெரும்பான்மையினர், மன்னிக்கும் இடத்துக்கு வந்தபோது ஆட்சியும் அவர்களிடம் வந்திருந்தது. இங்கே எண்ணிக்கையும் ஆட்சியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே மண்டேலாவின் நடைக்கு இங்கே நிகரானது, சிறுபான்மை வீரர் தேசியச் சட்டையை அணிந்து தம் பற்றை நிரூபிப்பது அன்று. பெரும்பான்மையின் தலைவர் ஒருவர் தம் மக்களிடம் சென்று, அவர்களுக்குப் பிடிக்காத ஒன்றை விட்டுக்கொடுக்குமாறு கேட்பதே அதற்கு நிகராகும். ‘நமக்கும் ஓர் இன்விக்டஸ் வேண்டும்’ என்று சொல்பவர்கள் பலரும் இந்தத் திசை மாற்றத்தைக் கவனிப்பதில்லை.

2. வெற்றியை நம்பும் படம் உண்மையை எவ்வாறு வளைக்கும் என்பதற்கு ‘ரிமெம்பர் த டைட்டன்ஸ்’ சான்று. 1971இல் வேர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியா நகரில், டி. சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பாடசாலையின் அமெரிக்க உதைபந்தாட்ட அணிக்கு ஹேர்மன் பூன் என்ற கறுப்பினப் பயிற்றுநர் நியமிக்கப்பட்டது உண்மை. அந்த அணி எல்லா ஆட்டங்களிலும் வென்றதும் உண்மை. ஆனால் எதிரணிகள் எல்லாம் வெள்ளையர் மட்டுமே கொண்டவை என்று படம் காட்டுவது உண்மையன்று, அவற்றிலும் இரு இனத்தவரும் ஆடினார்கள். இறுதியாட்டம் கடைசி நொடிவரை இழுபறியாகக் காட்டப்படுகிறது, உண்மையில் அது 27–0 என்ற எளிய வெற்றி. இரு இனப் பிள்ளைகளும் பயிற்சி முகாமில் ஒரே அறையில் உறங்கி, ஒருவர் குடும்பத்தைப் பற்றி மற்றவர் கேட்டறியும் காட்சிகளே படத்தின் மிகச் சிறந்த பகுதி. அவற்றை மட்டும் நம்பி நிற்கும் துணிவு இயக்குநருக்கு வரவில்லை.

3. இலங்கையில் இந்த அளவுகோலைச் சோதிப்பதற்கு ஏற்ற நிகழ்ச்சி 1958இல் இருக்கிறது. அது இன்றுவரை திரைப்படமாகவில்லை.

அவ்வாண்டு மே 24 முதல் யூன் 1 வரை மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி தோக்கியோவில் நடைபெற்றது. யாழ்ப்பாணத்துப் பெரியவிளானைச் சேர்ந்த, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக் களம் கண்டிருந்த அவர், தேசியக் கொடியின் கீழ் நின்ற அதே வாரத்தில் நாட்டில் தமிழர் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். மே 22ஆம் திகதி பொலன்னறுவைப் புகையிரத நிலையத்தில் வன்முறை வெடித்தது. மறுநாள் இரவு மட்டக்களப்பு–ஏறாவூர்ப் பாதையில் புகையிரதம் ஒன்று தடம்புரளச் செய்யப்பட்டது. கொல்லப்பட்டவர்களில் சிங்களவர்களும் இருந்தனர். அதன்பின் கலவரம் நாடெங்கும் பரவியது. மே 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. கொழும்பில் அகதிகளான தமிழர்கள் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டனர்.

ஒரு தமிழர் நாட்டுக்கு அதன் முதல் ஆசியத் தங்கத்தைப் பெற்றுத் தருகிறார், அதே நாட்களில் அவரது மொழியைப் பேசுபவர்கள் வீதியில் வெட்டப்படுகிறார்கள். விளையாட்டு வெற்றி தானாகவே இனங்களை இணைக்கும் என்றால் இணைத்திருக்க வேண்டிய வாரம் இது. இணைக்கவில்லை. காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. வென்ற வீரருக்குக் கைதட்டுவதற்கு யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மொழிச் சட்டத்தையோ காணிக் கொள்கையையோ தொடாமலே, பதக்கத்தை வரவேற்கலாம். பதக்கம் கேட்பது மகிழ்ச்சியை மட்டும். நல்லிணக்கம் அதைவிட அதிகம் கேட்கும்.

எதிர்வீரசிங்கம் பின்னர் அமெரிக்காவில் உயர்கல்வி பெற்று, கல்வியாளராகவும் பயிற்றுநராகவும் வாழ்ந்து 2024 ஏப்பிரலில் மறைந்தார். வழமையான வடிவத்தில் அவரது கதையைச் சொல்ல முயலும் எவரும் இடர்ப்படுவர், ஏனெனில் வெற்றி நிகழும் இடத்தில் இணக்கம் இல்லை. ஆனால் அந்த இடர்ப்பாட்டை நேர்மையாக எதிர்கொள்ளும் படமே இந்த நாட்டுக்கு முதலில் தேவையானது.

4. ‘800’ எடுத்துக்கொண்ட கதை இதைவிடச் சிக்கலானது. எம். எஸ். ஸ்ரீபதி இயக்கி, மதுர் மிட்டல் முரளிதரனாக நடித்த இப்படம் 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி வெளியாயிற்று. முரளிதரன் 1972இல் கண்டியில் பிறந்தவர். அவரது பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். தந்தையார் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார், 1977 கலவரத்தில் அது எரிக்கப்பட்டது. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் கிரிக்கெட் பயின்ற முரளிதரன், 1992 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் களத்தில் இறங்கி, 2010 யூலை 22ஆம் திகதி காலியில் இந்தியாவுக்கு எதிராகத் தம் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்து விடைபெற்றார். 1977இன் தீயிலிருந்து காலி மைதானம் வரை படம் இவ்வழியே நகர்கிறது.

திரைக்கு வரும் முன்னரே இப்படம் சர்ச்சையில் சிக்கியது. முதலில் நடிக்கவிருந்தவர் விஜய் சேதுபதி. 2020 ஒக்டோபரில் அறிவிப்பு வெளியானதும் தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. போரின் முடிவு பற்றியும் 2009ஆம் ஆண்டு பற்றியும் முரளிதரன் முன்னர் சொன்னவை, ஆட்சியாளர்களோடு அவர் காட்டிய நெருக்கம் ஆகியவை காரணமாகச் சொல்லப்பட்டன. சில நாட்களில் முரளிதரனே நடிகரை விலகிக்கொள்ளுமாறு கேட்டு அறிக்கை விட்டார், நடிகரும் விலகினார். முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தவர்களுக்கு அவருடைய சொற்கள் தந்த நோவு உண்மையானது. அதைச் சிறுமைப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த எதிர்ப்பில் பெரும்பாலும் காணாமற்போன ஒன்றும் உண்டு: அவர் மலையகத் தமிழர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களின் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்களின் பிரசாவுரிமைச் சிக்கலுக்கு முழுத் தீர்வு காணும் சட்டம் 2003இல்தான் வந்தது. பெரும்பான்மைச் சிங்களவரால் சூழப்பட்ட நகர்களில், சுற்றிலும் பாதுகாப்பின்றி வாழ்ந்த ஒரு சமூகத்தின் எச்சரிக்கையுணர்வும் வாய்மூடும் பழக்கமும் வடக்கு–கிழக்கின் அனுபவத்தால் மட்டும் அளக்கப்படக்கூடியவை அல்ல. தமிழர் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வரலாறுகள் இருக்கின்றன என்பதைச் சொல்ல இப்படத்துக்கு அரிய வாய்ப்பு இருந்தது. அதைப் படம் தொடுகிறது, ஆனால் தங்கி நிற்கவில்லை.

படம் அதிகம் தங்குவது அவுஸ்திரேலியாவில். 1995 டிசெம்பர் 26ஆம் திகதி மெல்பேண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயர், முரளிதரன் பந்தை எறிகிறார் என்று கூறி அவரது பந்துகளை ஏழு முறை முறையற்றவை என அறிவித்தார். 1999 சனவரியில் அடிலெயிட்டில் நடுவர் ரொஸ் எமர்சன் அதையே செய்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களை எல்லைக் கோடுவரை அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்தினார். அதன் பின் ஒழுங்கு விசாரணையையும் எதிர்கொண்டார். சிங்களத் தலைவர் ஒருவர் தமது தமிழ்ப் பந்துவீச்சாளருக்காகத் தம் பெயரையும் தலைமையையும் பணயம் வைத்த நிகழ்ச்சி இது. நமது அளவுகோலின்படி இதில் உண்மையான நடை இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது.

எனினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அங்கே அநீதி செய்தவர் வெளியார். வெளியாரின் அநீதிக்கு எதிராக ஓரணியாக நிற்பது, உள்வீட்டு அநீதியைப் பற்றித் தம் மக்களிடமே பேசுவதைவிட எளிது. ‘800’ தன் உணர்ச்சியின் பெரும்பகுதியை அடிலெயிட்டில் செலவிடுகிறது. 1977இல் தொழிற்சாலைக்குத் தீ வைத்தவர்களிடம் யாராவது பின்னர் ஏதாவது கேட்டார்களா என்ற கேள்வியைப் படத்தின் தொடக்கத்திலேயே விட்டுச் செல்கிறது. சிறுவன் முரளியின் வீட்டுக்கும் பந்துவீச்சாளர் முரளிதரனின் புகழுக்கும் இடையே நிற்கும் அந்தக் கேள்விக்குள் நுழைந்திருந்தால், படம் ஒரு வீரரின் வரலாறு என்ற நிலையிலிருந்து ஒரு நாட்டின் வரலாறாக உயர்ந்திருக்கும்.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. குமார் சங்கக்கார 2011 யூலையில் இலண்டனில் ஆற்றிய கவுட்ரி நினைவுரையில், 1983 யூலையில் கண்டியில் தம் பெற்றோர் தமிழ் நண்பர்களைத் தம் வீட்டில் ஒளித்து வைத்துக் காத்ததை நினைவுகூர்ந்தார். அதே உரையில் நாட்டின் கிரிக்கெட் நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்தார், அதற்காக விசாரணைக்கு ஆளாகும் நிலையும் வந்தது. கதவைத் திறந்துவிட்ட அந்தப் பெற்றோர், தம்மைச் சூழ இருந்தவர்களின் விருப்பத்துக்கு எதிராக நடந்தவர்கள். நல்லிணக்கப் படத்துக்குரிய காட்சி இது. ஒரு கிரிக்கெட் வீரரின் குழந்தைப்பருவத்தில் நிகழ்ந்திருந்தும், இதில் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை.

5. வெற்றியே இல்லாத ஒரு படமும் இங்கே நினைக்கத்தக்கது. 2004இல் 23 இலங்கையர்கள் தாங்கள் தேசியக் கைப்பந்தாட்ட அணி என்று சொல்லி ஜேர்மனியின் பவேரியாவுக்குச் சென்று, அங்கிருந்து மறைந்துபோனார்கள். அத்தகைய தேசிய அணியே அப்போது இலங்கையில் இருக்கவில்லை. இதை வைத்து உபேர்ட்டோ பசோலினி ‘மச்சான்’ என்ற படத்தை 2008இல் எடுத்தார். ருவந்தி டி சிக்கேரா திரைக்கதையில் பங்கேற்றார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் அதில் ஓரணியாக நிற்பது நாட்டுப்பற்றால் அன்று, வறுமையால். ஆட்டத்தின் விதிகள்கூட அவர்களுக்குத் தெரியாது. யாரும் நல்லிணக்கம் பற்றி ஒரு வசனமும் பேசுவதில்லை. ஆயினும் ஒரே கவலையைப் பகிர்பவர்களிடையே இன வேறுபாடு எவ்வளவு விரைவாகப் பின்தள்ளப்படுகிறது என்பதை ‘800’ஐவிட இப்படம் தெளிவாகக் காட்டுகிறது.

6. இனி வாவிக்கரைக்கு வரலாம். மட்டக்களப்பில் விளையாட்டின் வழியாகச் சொல்லப்படக்கூடிய கதை எது?

அதன் தொடக்கம் கூடைப்பந்தாட்டத்தில் இருக்கிறது. இயேசு சபையின் அமெரிக்க நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்த துறவியர் புனித மிக்கேல் கல்லூரியில் இவ்விளையாட்டை வேரூன்றச் செய்தனர். நகரின் நடுவே உள்ள வெபர் மைதானம் அவர்களுள் ஒருவரான ஹரோல்ட் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்குகிறது. மற்றொருவர் யூஜின் ஹேபேர்ட் அடிகளார். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பல தலைமுறை மாணவர்களுக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றியவர் அவர். பின்னாளில் மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தி, எல்லாச் சமூக இளைஞர்களுக்கும் கைத்தொழில் கற்பித்தார். தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே வளையத்தை நோக்கிப் பந்தெறிந்த காலம் அது.

1990இல் அக்காலம் முடிந்தது. யூனில் போர் மீண்டும் மூண்டது. கிழக்கில் சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கில் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அடுத்த வாரம் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுசென்றது. அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாட்களின் பின் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாகத் தமிழர்கள் கொல்லப்பட்டனர். இவற்றின் நடுவே, ஓகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையில் சிக்கியிருந்த கன்னியாஸ்திரிகளுக்கு உதவச் சென்ற ஹேபேர்ட் அடிகளார் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த தமிழ் இளைஞர் ஒருவரோடு ஏறாவூர்ப் பக்கத்தில் காணாமற்போனார். அவரது சகதுறவியான பென் மில்லர் அடிகளார் மட்டக்களப்பு சமாதானக் குழுவில் நின்று, காணாமற்போனவர்களின் விபரங்களை ஆண்டுக்கணக்கில் திரட்டினார்.

இக்கதையை வழமையான வடிவத்துக்குள் அடக்க முடியாது. அதற்கான காரணங்கள் இப்பிரதேசத்துக்கே உரியவை. இங்கே தரப்புகள் இரண்டு அல்ல. ஒவ்வொரு சமூகமும் ஓரிடத்தில் அடிபட்டிருக்கிறது, அதன் பெயரால் வேறோரிடத்தில் அடித்தவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒரு மண்டேலா நடந்தால் போதாது. காத்தான்குடியைப் பற்றித் தமிழர் தம்மவரிடம் பேச வேண்டும். ஏறாவூரைச் சூழ்ந்த பழிக்குப்பழிகளைப் பற்றி முஸ்லிம்கள் தம்மவரிடம் பேச வேண்டும். வந்தாறுமூலையைப் பற்றியும் சத்துருக்கொண்டானைப் பற்றியும் சிங்களத் தலைமைகள் தம் மக்களிடம் பேச வேண்டும். 2019 ஏப்பிரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின் இந்தப் பட்டியல் இன்னும் நீண்டது.

இன்னொரு காரணம் மேலும் ஆழமானது. அமெரிக்க வடிவம் அந்நியர்கள் நண்பர்களாவதைச் சொல்கிறது. மட்டக்களப்புத் தமிழரும் முஸ்லிம்களும் அந்நியர்கள் அல்லர். பேசும் மொழி ஒன்று. தாய்வழிக் குடிமுறை இரு சமூகங்களுக்கும் பொதுவானது. பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் இரு பக்கத்திலும் உள்ள வழக்கம். வாவியின் மேற்கே படுவான்கரை வயல்களில் விளைந்த நெல்லும் வாவியில் பிடித்த மீனும் கிழக்கே எழுவான்கரைச் சந்தைகளில் இனம் பார்க்காமல் விலைபோயின. ஆகவே இங்கே எடுக்கப்படும் படம் அறிமுகத்தின் கதையாக இருக்க இயலாது. பிரிந்துபோன அயலவர்கள் மீண்டும் ஒருவரையொருவர் நோக்கி வருவதன் கதையாகவே இருக்க முடியும். அது கடினமானது. அந்நியரிடம் இல்லாத ஒன்று, அதாவது துரோகத்தின் நினைவு, அயலவரிடையே இருக்கிறது.

பிரிவு இன்று வன்முறையால் அன்றி நிர்வாகத்தால் நிலைபெற்றிருக்கிறது. அவையோர் இதைக் கவனிக்க வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. அவற்றுள் மட்டக்களப்பு மத்தி வலயம் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி எனப் பெரும்பாலும் முஸ்லிம் பாடசாலைகளைச் சேர்த்து அமைந்தது. அதன் பகுதிகள் நிலத்தால் தொடர்ச்சியானவையும் அல்ல. காத்தான்குடியும் ஆரையம்பதியும் அடுத்தடுத்த ஊர்கள், ஆனால் அவற்றின் பாடசாலைகள் வெவ்வேறு வலயத்தவை. பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் வலய அடிப்படையில் தொடங்குகின்றன. எனவே ஒரே வீதியின் இரு முனைகளில் வாழும் பிள்ளைகள் வலயப் போட்டியில் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. மைதானமும் பந்தும் விளையாட விரும்பும் பிள்ளைகளும் இருக்கும்போதே, சந்திக்கும் வாய்ப்பு அட்டவணையால் இல்லாமற்போகிறது. முன்னைய தலைமுறைக்குப் புனித மிக்கேல் கல்லூரியின் ஆடுகளத்தில் இயல்பாகக் கிடைத்தது இன்றைய பிள்ளைக்குக் கிடைப்பதற்கு யாராவது வலிந்து முயல வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாடு யாருடைய தீய எண்ணத்தாலும் உருவானதன்று. தம் பாடசாலைகள் புறக்கணிக்கப்பட்டன என்ற முஸ்லிம் மக்களின் நியாயமான குறைக்குக் கிடைத்த தீர்வு அது. ஒரு குறைக்குக் கிடைத்த தீர்வு இன்னொரு பிரிவை நிரந்தரமாக்கியதே இதில் வருத்தத்துக்குரியது.

முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. 2012இல் முரளிதரனின் பெயரால் தொடங்கிய நல்லிணக்கக் கிண்ணப் போட்டி தெற்கின் பாடசாலை அணிகளை வடக்கின் மைதானங்களுக்கு அழைத்து வந்தது. திரைப்படத்தைச் சூழ்ந்த சர்ச்சையில் இது அதிகம் பேசப்படவில்லை. யார் யாரிடம் சென்றார் என்று பார்த்தால், இப்போட்டி திசையைச் சரியாகவே அமைத்திருந்தது: கொழும்பு வடக்கை நோக்கிச் சென்றது. கிழக்கில், தமிழ்–முஸ்லிம் பாடசாலைகளுக்கிடையில், இதற்கு நிகரான ஒன்று தேவை. அதற்குப் பெரிய மைதானமோ வெளியூர்ப் பயணமோ வேண்டியதில்லை.

மாவட்டத்தில் எல்லாச் சமூக இளைஞர்களும் ஓரணியாகச் சேரும் இடம் ஒன்று இப்போதும் இருக்கிறது. தேசிய விளையாட்டு விழாவுக்கான போட்டிகள் பிரதேச செயலகப் பிரிவில் தொடங்கி மாவட்டம், மாகாணம் என மேலேறுகின்றன. மாவட்ட அணி தெரிவாகும்போது காத்தான்குடி, ஆரையம்பதி, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி இளைஞர்கள் ஒரே சட்டையை அணிகிறார்கள். சேர்ந்து பயில அவர்களுக்குக் கிடைப்பது மாகாணப் போட்டி வரையிலான குறுகிய காலமே. மட்டக்களப்பிலிருந்து ஒரு விளையாட்டுத் திரைப்படம் எழுத விரும்பும் இளம் எழுத்தாளர் அந்தப் பயிற்சி நாட்களோடு தம் கதையைத் தொடங்கலாம். பயிற்சிக்கு யார் எந்த ஊருக்குச் செல்வது, தொழுகை நேரத்தில் ஆட்டத்தை நிறுத்துவதா, எந்த வீட்டில் எல்லோரும் சாப்பிடுவது, 1990 பற்றி யாருடைய தந்தை முதலில் பேசுவார் என்ற கேள்விகள் எல்லாம் அங்கே தாமாகவே எழும். அந்த அணி மாகாணப் போட்டியில் தோற்றாலும் படத்துக்குக் குறைவு எதுவும் வராது.